பழைய பேட்டரி எடுக்கப்படும்

மோகனசுந்தரம் வண்டியை எப்போதும் கோயமுத்தூர் ரோட்டைப் பார்த்தபடிதான் நிறுத்துவான். தொழில் அப்படி. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் வேறு மாநிலம், வேறு போலீஸ், அவனுக்கே வேறு பெயர்.

அவனுடைய குட்டியானை வண்டியின் பின்னால் யு.பி.எஸ். பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றே ஒன்றுதான் நிஜம். அதை ஓட்டிக் காட்டுவான். விற்பது சீல் வைத்த மற்றப் பெட்டிகளை. அவற்றில் பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் கான்கிரீட் கட்டி இருக்கும். கனத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் பக்திமான். ஆயுத பூசையன்று ஸ்டீயரிங், ஸ்குரூடிரைவர், வண்டி பேட்டரி என்று ஒன்று விடாமல் பட்டை போட்டுப் பொட்டு வைப்பான். வண்டிக்கு அடியில் சேறு தெறிக்கிற இடம் என்பதால் பேட்டரிக்கு மட்டும் பெயிண்டிலேயே வைத்துவிட்டான்.

அன்று மத்தியானம் கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, "யு.பி.எஸ். விற்கப்படும், பழைய பேட்டரி எடுக்கப்படும்" என்று மைக்கில் கூவிக்கொண்டு போனவனைக் குப்பண்ணன் கைதட்டிக் கூப்பிட்டார். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. வேட்டியை மடித்துக் கட்டிய வெள்ளந்தி மனுஷர். பார்த்த உடனே மோகனசுந்தரத்துக்குப் பிடித்துப்போனது.

"மருமக ஊட்டுல இருந்தே கம்பெனி வேலை பாக்குதுங்க தம்பி. மீட்டிங் நடக்கறப்ப கரண்ட் போயிருது. இன்னொருவாட்டி போச்சுன்னா வேலையே போயிருமாமா."

"அதுக்குத்தானுங்கண்ணா நாங்க இருக்கறது!"

உள்ளே மருமகள் செல்வப்பிரியா காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பு. மீட்டிங்காம். மோகனசுந்தரம் நிஜ யு.பி.எஸ்.ஸை மேஜைக்கடியில் வைத்து இணைத்து, சுவர் சுவிட்சை அணைத்தான். ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. பெட்டி மட்டும் கீச்கீச்சென்று கத்தியது.

குப்பண்ணன் லேசில் விடுகிற ஆள் இல்லை. எத்தனை நேரம் தாங்கும், ஃபேனையும் இதிலேயே மாட்டலாமா, சின்னது போதுமா பெரியது வேணுமா, இந்தக் கீச்கீச்சை நிறுத்த வழி உண்டா என்று குடைந்தெடுத்துவிட்டார். ஃபேன் மாட்டினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், கம்ப்யூட்டர் ஒன்றுக்குச் சின்னதே தாராளம் என்றான் மோகனசுந்தரம். அட, அந்த வரைக்கும் உண்மைதான்.

செல்வப்பிரியா ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். "மாமா, இதையே வாங்கிரலாமுங்க. இவருகிட்ட முன்னாலயே வாங்குனவங்க மீட்டிங்குல இருக்கறாங்க. நல்லாத் தெரியுமாமா."

மோகனசுந்தரம் பூரித்துப் போனான். தன் சரக்கைப் பாராட்டவும் ஒரு ஜீவன்! வண்டிக்கு ஓடி, சீல் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "வண்டியில குலுங்கி வந்ததுங்கண்ணா, ராத்திரி பூரா அசையாம இருக்கட்டும். காலைல பிரிச்சுப் பாருங்க."

குப்பண்ணன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "கனம் நல்லா இருக்குதுங்க." பிறகு உள்பக்கம் திரும்பி, "சரசு, பழைய பேட்டரி கெடக்குதல்ல, கழட்டிக் கொண்டா" என்றார்.

சரஸ்வதியம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எந்தப் பேட்டரிங்க?"

"அதுதான், கனமானது."

அந்தம்மாள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனாள். "தோட்டத்து மோட்டாரைக் கழட்டி மாட்டறதெல்லாம் எங்கூட்டுக்காரிதானுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, குப்பண்ணன் மோர் கொடுத்து உபசரித்தார். மோகனசுந்தரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவர் ஆசைப்பட்டு இப்போதே பெட்டியைப் பிரித்துவிட்டால்? செக்போஸ்ட்டைத் தாண்டுகிறவரை அவன் உயிர் அவனிடம் இல்லை.

ஒருவழியாகச் சரஸ்வதியம்மாள் சாக்கு மூட்டையொன்றை வாசலில் இறக்கினாள். முழங்கை வரை சாணி. "மாட்டுக் கட்டுத்தரையில கெடந்ததுங்க. சாக்கோடவே எடுத்துக்கங்க, தொட்டாக் கை நாறிரும்."

அவன் தொடுவானா! பழைய பேட்டரி வியாபாரத்தில் எடைதான் எல்லாம். கொக்கித் தராசில் சாக்கோடு மாட்டித் தூக்கினான். அடேங்கப்பா! அந்த ஈயத்தின் விலை தெரியாத ஜனங்களை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பேட்டரிக்கு ஏதோ சில்லறையைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை வாங்கிப் பையில் போட்டான். டெமோ பெட்டியையும் மூட்டையையும் பின்னால் ஏற்றிவிட்டு, முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

வண்டி முனகக்கூட இல்லை.

மறுபடி திருப்பினான். இறங்கி ஓடிப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தான். பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது. வயர் இரண்டும் அழகாக டேப் சுற்றித் தொங்கின.

"அய்யய்யோ! பேட்டரியக் களவாண்டுட்டாங்களே! பட்டப்பகல்ல! திருட்டுப் பசங்க ஊராட்ட இருக்குதே!"

குப்பண்ணன் நிதானமாக வந்தார். "சத்தம் போடாதீங்க தம்பி. ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு. மருமக மீட்டிங்குல பேசுனது வேலந்தாவளத்துல இருக்கற எம்பட மச்சினனோடதானுங்க. போன மாசம் உங்ககிட்டப் பெட்டி வாங்குனவன். கேமராவுல உங்க மூஞ்சியப் பாத்ததுமே ஜீப்புல போலீசைக் கூட்டீட்டுக் கெளம்பிட்டான்."

தோப்புக்கு அந்தப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

"அவசரமாப் போகோணும்னா நாங்க குடுத்த பேட்டரியப் போட்டுப் பாருங்களேன்" என்றார் குப்பண்ணன், அக்கறையாக.

மோகனசுந்தரம் வண்டியின் பின்னால் ஓடி, சாக்கைப் பிரித்துச் சாணியைத் துடைத்தான். வெள்ளைப் பெயிண்டில் மூன்று பட்டை, நடுவே சிவப்பாக ஒரு பொட்டு, அவன் வைத்தது வைத்தபடி இருந்தது.