ஒரே நிறக் கண்ணாடி

அன்று மாலை கல்லூரியில் நடமாடியவர்கள் நான், என் மனைவி அகிலாண்டம், மகன் திருமாறன், காவலாளி சந்தானம். வீடு திரும்பாத நீமாவைத் தேடி நாங்கள் போயிருந்தோம். கென்யாவில் மணமுடித்த என் தம்பியின் மகள் அவள். தாயின் கறுப்பு நிறம், சுருட்டை முடி.

முதலாண்டில் அவளைக் கேலி செய்தார்கள். அதனால் கல்லூரி எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்தது. போட்டுக்கொண்டு பார்த்தால் மாணவிகள் அனைவரும் ஒரே நிறம், ஒரே சாயல். அது இல்லாமல் உள்ளே விடுவதில்லை, எங்களுக்கும் மாட்டிவிட்டார்கள்.

"கறுப்பா, சுருட்டை முடியோட ஒரு பொண்ணு," என்றேன்.

"அப்படி யாரும் இங்க படிக்கலைங்க ஐயா," என்றார் சந்தானம். "இருந்தா என் கண்ணுல படாமயா போகும்?"

அகிலாண்டம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, நம்ம புள்ளைய இங்க ஒருத்தருமே பார்த்ததில்லையா?"

ஒவ்வோர் அறையாகத் தேடினோம். மருத்துவ அறைக் கட்டிலில் ஒரு பெண் மயங்கிக் கிடந்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று பரிதாபப்பட்டுக் கடந்து போனோம்.

நீமா எவனோடோ ஓடிப்போனதாக ஊரில் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுப் பெண் எங்கும் ஓடவில்லை. அன்று மற்றப் பெண்கள் எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள்; கண்ணாடி போட்ட எங்களுக்கு அடையாளம் தெரியாமல் அந்தக் கட்டிலில் கிடந்தவள் அவள்தான்.