பெயர் சொல்லாத ஊர்

பதவிப் பிரமாணம் முடிந்ததும் அதிபர் வேதப் புத்தகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

படிகளுக்குக் கீழே, நாற்காலி வரிசையில், அந்தப் பேச்சை எழுதிய ரஸ்ஸல் பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தான். பாதி குளிர், பாதி பயம்.

பக்கத்தில் விருந்தினராக வெர்னா. ஹார்க்னஸ் என்ற சுரங்க ஊர்க்காரி. தேர்தல் சமயத்தில் அவளுடைய சமையலறையில் உட்கார்ந்துதான், ஊருக்குப் புதுத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாக அதிபர் வாக்குக் கொடுத்தார். அவள் பழுப்புத் தண்ணீரில் போட்டுக் கொடுத்த காபியை வாயருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை.

நேற்றுவரை பேச்சில் ஹார்க்னஸ் இருந்தது, குழாயும் இருந்தது. செலவுத் திட்டத்தில் குழாய் இல்லை என்று தெரிந்ததும் இரண்டையும் பேச்சிலிருந்து அடித்து நீக்கியவன் ரஸ்ஸல்தான். பதவியேற்பு நாளில் ஓர் ஊரைச் சொன்னால் மற்ற ஊர்கள் கோபித்துக்கொள்ளும் என்று காரணமும் சொன்னான். எழுதுகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

"மறக்கப்பட்ட எந்த ஊரும் இனி மறக்கப்படாது" என்றார் அதிபர்.

கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அவரவர் ஊரைத்தான் அதிபர் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அவன் எழுதியிருந்தான்.

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்களத்தான் சொல்றாரு, இல்ல தம்பி?"

அவன் தலையாட்டி வைத்தான்.

அவள் உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். அங்கே கணவர் டெல்மருக்கு எதிரே சுரங்கக் கம்பெனியின் ஆள் உட்கார்ந்திருந்தார். கம்பெனி வீடுகளை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறது. இன்றைக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் கிடையாது. பேச்சைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று அவரைக் காக்க வைத்திருந்தார்கள்.

"ஊர்ப் பேரச் சொல்லலியேன்னு எங்க வீட்டுக்காரரு இழுக்குறாரு. எழுதுனது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க."

போன் அவன் காதுக்கு வந்துவிட்டது.

விற்றுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

"உங்க ஊரத்தாங்க சொன்னாரு" என்றான். சொன்னதும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. டெல்மர் பேசியது அவனிடம் அல்ல.

"நீங்க கெளம்புங்க சார். நாங்க விக்கிறதா இல்ல."