பொன்னுலிங்கத்தின் குரல்

வென்டிலேட்டரோடு இணைத்த சளி உறிஞ்சும் குழாய், மூன்று நாளாக மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. நர்ஸ் உறையோடு பிடித்துத் தள்ளும்போது, பொன்னுலிங்கத்தின் தொண்டைக்குள் இறங்கிச் சளியை இழுத்துக்கொண்டு திரும்பும். ஒருவர் விரலும் அதன்மேல் நேராகப் பட்டதில்லை.

"அண்ணே, இவரு குரல் எப்படியிருக்கும்?" என்று குழாய் வென்டிலேட்டரிடம் கேட்டது.

"தொண்டைக்குள்ள போய் வர்றவன் நீ. என்கிட்ட கேக்குறியா?"

"நாம வழியை அடைச்சிட்டிருக்கிற வரைக்கும் அவரால பேச முடியாதேண்ணே."

"பேசிட்டா எனக்கு அடுத்த கட்டில் இருக்கு. உனக்கு சிவப்புக் குப்பை வாளிதான். பேசாம கிட."

நான்காம் நாள் காலை குழாய் இறங்கியபோது, பொன்னுலிங்கம் இருமி அதை எதிர்த்துத் தள்ளினார். முதல் தடவையாக அவராகவே இருமிய இருமல்.

"அண்ணே, என்னை வெளிய தள்ளுறாருண்ணே!" குழாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாலையில், அவராக மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றினார்கள். வென்டிலேட்டரைத் துடைத்து அடுத்த கட்டிலுக்கு உருட்டிப் போனார்கள். குழாய் உறையோடு சிவப்பு வாளியில் விழுந்தது.

"அம்மாடி, கொஞ்சம் தண்ணி" என்றது கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

குழாய் நினைத்திருந்ததைவிட மெலிந்த குரல்தான்.

"அண்ணே, கேட்டீங்களா?" என்றது குழாய்.

வென்டிலேட்டர் வேறொருவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது.