அடைப்பு எடுத்த நாள்

"மாடிக் குடித்தனத்தைத் தவிர இந்த வீட்டுல டயப்பர் கட்டுற புள்ளை வேற யாரு இருக்கா? நீயே சொல்லு ஆத்தா!"

வீட்டுக்கார ஒச்சம்மாளின் குரல் சந்து முழுவதும் ஒலித்தது. கழிவுநீர் இரண்டு நாள்களாக வெளியேறாமல் கீழ்வீட்டுக் குளியலறை வரைக்கும் ஏறிவிட்டது. குழாய் வேலைக்கு வந்த பழனிக்குமார், சந்திலிருந்த கழிவுநீர்ச் சேம்பரின் மூடியை நகர்த்திக் கம்பியை உள்ளே விட்டான். நுனியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. "டயப்பர் மாட்டியிருக்கும்மா" என்றான். அவ்வளவுதான். ஒச்சம்மாளுக்கு எப்போதும் வாய் முன்னே நடக்கும்; விசாரணை பின்னேதான் வரும்.

ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியிறங்கி வந்திருந்தாள் இளவேனில். அவள் கணவன் செழியன் வேலைக்குப் போயிருந்தான்.

"ஏனுங்கம்மா, நாங்க துணிதானுங்க கட்டுறோம். மொட்டை மாடியில வந்து பாருங்க, கொடி நெறையத் தொங்குது."

"கொடியில தொங்குறது ஊரு பாக்க. உள்ள கட்டுறது எதுன்னு யாரு கண்டா? மொத நாளு அந்தத் துணியக் கட்டிக்கிட்டு வந்துதானே எங்க மெத்தைய நனைச்சுட்டுப் போனான் ஒம்மவன்? அதுலருந்து நீ பழையபடி கடைச்சரக்குக்குப் போயிருப்ப. குப்பை வண்டிக்காரம்மா எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறா. வெக்கப்பட்டுக்கிட்டு மூடியத் தூக்கி இதுக்குள்ள போட்டிருப்ப!"

கடை டயப்பரால் குழந்தையின் தொடை இரண்டும் புண்ணாகிப் போன பிறகே இளவேனில் துணிக்கு மாறினாள். அப்போது குடியிருந்த வீட்டில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. துவைத்த துணி காயாமல் நாறும். வெயில் விழும் மொட்டை மாடிக்காகவே தெருத்தெருவாக அலைந்து பிடித்த வீடு இது. இதையும் இழந்தால் கைக்குழந்தையோடு மறுபடி எங்கே போய் நிற்பது?

"ஏய், விடு. பச்சப்புள்ள இருக்குற வீடுன்னா நாலும்தான் நடக்கும்" என்று குறுக்கிட்டார் ஒச்சம்மாளின் கணவர் பொன்னுத்துரை. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியுடன் சுவர் ஓரமாக நின்றிருந்தார். "எவரு போட்டா என்ன? அடைப்பு போனாச் சரி."

"ஒங்களுக்கு எப்பவும் மாடிக்குத்தான் பரிவு!"

பழனிக்குமார் கொக்கி எடுத்துவர வண்டிக்குப் போனான். பொன்னுத்துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏம்மா, அந்தத் துணி அம்புட்டு ஈரத்தையும் தாங்குமா?" என்று வினவினார்.

"புதுசா வாங்குன உடனே கட்டக்கூடாதுங்கய்யா. அன்னிக்கு அவசரத்துல புதுசு ஒண்ண அலசாமக் கட்டினதுலதான் மெத்தை நனைஞ்சுபோச்சு. நாலஞ்சு தடவை அலசி வெயில்ல போட்டாத்தான் துணி நல்லா ஈரம் குடிக்குமுங்க. உள்ளுக்குள்ள மடிச்ச துணி ஒண்ணு வெக்கோணும். ராத்திரிக்கு ரெண்டு."

"வேட்டி... இல்ல, மேல போட்டிருக்குற துணி நனையாதா? ஒக்காந்து எந்திரிச்சா?"

"இவன் எங்கேங்கய்யா எந்திரிக்கிறான்? இப்பத்தான் தவழவே பழகுறான்!" அழுகையை அடக்கிக்கொண்டிருந்த இளவேனிலுக்கு அந்நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆம்பள கேக்குற கேள்வியப் பாரு! பெத்த புள்ளையோட ஈரத்துணியக்கூடத் தொடாத மனுசன்" என்று ஒச்சம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

கொக்கி உள்ளே இறங்கியது. பழனிக்குமார் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்; மூன்றாம் முறை ஊன்றி இழுத்தான். கறுத்து ஊறிப்போன பொதி ஒன்று மேலே வந்தது. தேங்கிய நீர் கொளகொளவென்று இறங்கத் தொடங்கியது. ஒச்சம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். பழனிக்குமார் பொதியைச் சாக்கின்மேல் கிடத்திவிட்டு, அதைப் பார்த்தபடியே நின்றான்.

இளவேனிலும் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். பொன்னுத்துரை மதில்மேல் ஊர்ந்த எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய வந்துருச்சா? டயப்பர்தானே? இப்ப என்ன சொல்ற ஆத்தா?" என்றாள் ஒச்சம்மாள், திரும்பாமலேயே.

இளவேனில் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"என் தப்புத்தானுங்கம்மா. வெளியூரு போன அன்னிக்கு ஒண்ணு கட்டினேன். எங்க போடறதுன்னு தெரியாம இதுல போட்டுட்டேன்."

"கேட்டீகளா? அவ வாயாலயே வந்துருச்சு! இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லுங்க!"

"யாரும் காலி பண்ண வேணாம்." பொன்னுத்துரையின் குரல் கரகரத்தது. "இனிமே இப்படி நடக்காது."

"அவ செஞ்சதுக்கு நீங்க என்ன ஜாமீனா?"

"ஆமா, ஜாமீன்தான். உள்ள போ."

கணவர் அப்படி அதட்டிப் பேசி ஒச்சம்மாள் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே குளியலறையைக் கழுவப் போனாள். அவள் போன திசைக்கு எதிர்த்திசையில், வாசற்பக்கமாகப் பொன்னுத்துரையும் மெல்ல நடந்துவிட்டார்.

பழனிக்குமார் சாக்கை இறுகக் கட்டினான். படிக்கட்டின் அருகிலிருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவியபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "எதுக்குத் தங்கச்சி ஒத்துக்கிட்டீங்க?"

"அடைப்புத்தான் போயிருச்சுல்லங்கண்ணா" என்று இளவேனில் படியேறத் திரும்பினாள்.

"அதுக்கில்ல தங்கச்சி, இந்தச் சாக்குக்குள்ள கெடக்குறது என் இடுப்புக்கே தொளதொளன்னு இருக்கும்."