சிங்காரி தின்னாத போஸ்டர்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற நீளச் சுவர்தான் சிங்காரி என்கிற கழுதைக்குச் சாப்பாட்டு இலை. எந்தப் போஸ்டரை ஒட்டினாலும் பசை காய்வதற்குள் உரித்துத் தின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் புது ஸ்மார்ட்போன் போஸ்டர் ஒன்று வந்தது. படத்தில் ஒரு கழுதை பல்லெல்லாம் தெரிய செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் இருந்ததைக் காக்கை சத்தமாகப் படித்துக் காட்டியது.

"எங்கள் கேமராவில் கழுதையும் அழகு!"

சிங்காரிக்குக் காது ரெண்டும் விறைத்துக்கொண்டன. "கழுதையுமா? அந்த 'உம்' எதுக்கு அங்கே?"

"அப்படிக் கேளு!" என்று ஏற்றிவிட்டது காக்கை.

"இனிமேல் இந்தக் கம்பெனி போஸ்டரில் வாய் வைக்கிற கழுதை, கழுதையே இல்லை!"

சிங்காரி போட்ட சத்தத்தில் ஊர்க் கழுதைகள் அத்தனையும் கூடிச் சபதம் எடுத்தன. அதற்காக யாரும் பட்டினி கிடக்கவில்லை. சோப்பு, நகைக்கடை, போட்டிக் கம்பெனியின் போன் என்று மற்ற போஸ்டர்களை ஒன்று விடாமல் தின்று தீர்த்தன.

ஒரே வாரத்தில் ஊர்ச் சுவர்களில் மிச்சம் இருந்தது அந்த ஒரு போஸ்டர்தான்.

மறுபடி ஒட்ட வந்த கம்பெனி ஆள் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். பசை வாளியைக் கீழே வைத்தான். நேராகச் சிங்காரி முன்னால் வந்து, "நீ நல்லா இருக்கணும் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சிங்காரி கழுத்தை நிமிர்த்திக் காக்கையைப் பார்த்தது.

"பார்த்தியா, ஒரு 'உம்'முக்கு எப்படி மன்னிப்புக் கேக்குறான்!"