ஜன்னலோரக் கட்டில்

முதுகில் விழுந்த அடி பக்கத்துக் கட்டில் வரை கேட்டது. நர்ஸ் பெர்மெட் உள்ளங்கையைக் குவித்து, கிழவர் ஓரோஸ்பாயின் முதுகை மத்தளம் போல் சாத்திக்கொண்டிருந்தாள்.

"கைய எடு," என்றார் கிழவர்.

"எடுக்க மாட்டேன். சளி நெஞ்சுல பாறையா உக்காந்திருக்கு. இருமுங்க."

"மாட்டேன்."

"அப்ப அடி விழும்."

பார்த்துக்கொண்டிருந்த வித்தாலிக்கு ரத்தம் கொதித்தது. அவன் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். மலைப்பாதையில் வண்டி படுத்துவிட, ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்து, நிமோனியாவோடு முந்தாநாள்தான் கிர்கிஸ்தானில் நாரின் ஊருக்குப் பக்கத்து இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தான். ரஷ்யக்காரனானாலும் கிர்கிஸ் பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்த ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது. ஆனால் எழுபது தாண்டிய மனுஷனை ஒருத்தி போட்டு அடிப்பதை எந்த ஊர்க்காரனால்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அவளுடைய வாயும் அப்படித்தான் இருந்தது. அவனை "வித்தாலி, கைய நீட்டு" என்பாள். எதிர் அறையில் இருப்பவரை "குபாத் அண்ணே, மாத்திரை" என்பாள். கிழவருக்கு மட்டும் பேரே கிடையாது. "ஜன்னலோரக் கட்டிலுக்கு ஊசி", "ஜன்னலோரக் கட்டில் தண்ணி குடிச்சாச்சா?" அவ்வளவுதான் மரியாதை.

கேட்க நாதியில்லாத கிழவர் என்ற இளக்காரம்தான் என்று வித்தாலி முடிவு கட்டினான். கிழவருக்கு ஒரே மகன். அவனும் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான்.

கிழவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கி எறிவார். நுரையீரல் விரிய, குழாய் வழியாகத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஊதச் சொன்னால் வாயை இறுக மூடிக்கொள்வார். மல்லாந்து படுக்கக் கூடாது என்று அவள் தலையணைகளை அடுக்கிச் சாய்த்துவிட்டுப் போனால், ஒவ்வொன்றாகத் தரையில் தள்ளிவிட்டு மல்லாந்து படுப்பார்.

"என் வீட்டுல எந்தப் பொம்பளையும் என் முன்னால குரல ஒசத்தினதில்ல, என் பேரக்கூட வாயால சொன்னதில்ல, தெரியுமா?" என்றார் வித்தாலியிடம். "குதிரைகூட அடக்கித்தான் கனைக்கும்."

அன்று மத்தியானம் அவருடைய உதடு நீலம் பாரித்தது. பெர்மெட் ஓடிவந்து விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினாள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"இங்க பாருங்க. இன்னும் மோசமானா மூச்சுக்கு மிஷின் வைக்கணும். அது தலைநகரத்துல, பிஷ்கெக்லதான் இருக்கு. கணவாய் பனியில மூடிக் கெடக்கு, கொண்டுபோக வழியில்ல. புரியுதா?"

"செத்தா நிம்மதியாப் படுத்துக்கிட்டே சாவேன். உனக்கென்ன?"

"எனக்கென்னவா?" அவள் குரல் உடைந்தது. உடனே நிமிர்ந்தாள். "அந்த வாசலுக்கு வெளிய நீங்க சொல்றதுதான் சட்டம். உள்ள நான் சொல்றதுதான். உக்காருங்க."

வித்தாலி எழுந்தே விட்டான். "ஏம்மா, பாவம் விடும்மா. வயசான மனுஷன்."

"நீ படு, வித்தாலி. அடுத்து உன் முதுகுதான்."

கிழவரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். இருமும்போது விலா வலிக்காமல் இருக்க மார்போடு ஒரு தலையணையைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பிறகு கீழிருந்து மேலாகத் தட்ட ஆரம்பித்தாள்.

கிழவர் பல்லைக் கடித்தார். அவள் நிறுத்தவில்லை. கை சிவந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. கடைசியில் அவருடைய பிடிவாதத்தையும் மீறி இருமல் பீறிட்டது. அவள் நீட்டிய கிண்ணத்தில் துருப்பிடித்த நிறத்தில் சளி கட்டியாக விழுந்தது.

"இன்னும்," என்றாள்.

"போதும்."

"இன்னும்."

சாயங்காலத்துக்குள் மூன்று தடவை இதே யுத்தம். ஒவ்வொரு தடவையும் கிழவர் திட்டினார், ஒவ்வொரு தடவையும் தோற்றார். நீலம் போய் உதட்டில் ரத்தம் வந்தது. சூடான ஆட்டுச்சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிச் சொட்டு விடாமல் குடித்தார்.

மறுநாள் காலை டாக்டர் அசானோவ் வந்து கிழவரின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"தெளிஞ்சிட்டு வருது. கண்டம் தாண்டிட்டீங்க."

அதற்குமேல் வித்தாலியால் வாயை அடக்க முடியவில்லை. "டாக்டர், அவர் பொழைச்சது கடவுள் புண்ணியம். மொதல்ல இந்த நர்ஸ மாத்துங்க. மாட்டப் போட்டு அடிக்கிற மாதிரி அடிக்கிறா. நீங்க கேக்கலேன்னா நான் மேலிடம் வரைக்கும் போவேன்."

பெர்மெட் கிழவருக்கு நேரே நிற்காமல் சுவரோரம் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டாள். நேற்று அந்தப் போடு போட்ட வாய் எங்கே போனதென்றே தெரியவில்லை. பயந்துவிட்டாள் என்று வித்தாலிக்கு உள்ளூரத் திருப்தி.

டாக்டர் அவளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது போல மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்ன பெரியவரே, தம்பி கேக்கறது நியாயம்தானே? மாத்திடட்டுமா?"

கிழவர் தரையில் கிடந்த தலையணையைத் தானே குனிந்து எடுத்து முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வித்தாலியை எரித்துவிடுவது போல முறைத்தார்.

"என் மருமகள மாத்த எந்த டாக்டருக்கும் அதிகாரம் கிடையாது."