பால்பல்லுக்கு உள்ளே

"இந்தப் படம் எடுத்தே ஆகணுமாங்க? கதிர்வீச்சு சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே."

பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபடி அந்தப் பெண் கேட்டாள். அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி.

டெக்னீஷியன் காலையிலிருந்து பதினேழு பேருக்குப் படம் எடுத்துக் களைத்திருந்தாள். இருந்தாலும் பொறுமையாகவே சொன்னாள். மெஷின் தாடையை மட்டும்தான் சுற்றி வரும். சின்னப் பிள்ளை என்பதால் கதிர் அளவைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று நாளில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம்மேல் படுகிற அளவுதான் என்றாள்.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. மெஷினைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று விசாரித்தாள். சிறுமிக்குக் கதிரைத் தடுக்கும் ஈயக் கோட்டு கேட்டாள். அதைப் போட்டுவிட்டதும் எங்காவது விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். சிறுமியின் பக்கத்திலேயே தானும் நிற்பதாகப் பிடிவாதம் பிடித்தாள்.

"எத்தனையோ அம்மாக்களைப் பார்த்துட்டேன். உங்களை மாதிரி யாரும் குடைஞ்சதில்லைங்க," என்று டெக்னீஷியன் சிரித்துவிட்டாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. பிள்ளை அசைஞ்சா மறுபடி எடுக்கணும், அதுதான் வீண் கதிர்வீச்சு. அவ அசையாம உங்களையே பார்த்துட்டிருந்தா போதும்."

மெஷின் மெல்ல முனகிக்கொண்டு சுற்றியது. பதினான்கு விநாடி. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் இமைக்கவில்லை. உள்ளே சிறுமியும் இமைக்கவில்லை. முதல் தடவையிலேயே படம் சரியாக விழுந்தது.

டாக்டர் அறையில் திரையில் அது விரிந்தபோது அந்தப் பெண் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். பால்பற்களுக்கு அப்பால், மேலேயும் கீழேயும், எலும்புக்குள் இன்னொரு வரிசைப் பற்கள். சில முக்கால்வாசி வளர்ந்திருந்தன. சிலவற்றுக்கு வேரே விடவில்லை. ஓரத்தில் ஒன்று வெறும் வளையமாக, இப்போதுதான் உருவாகத் தொடங்கியிருந்தது. எல்லாம் சத்தமில்லாமல் தத்தம் முறைக்குக் காத்திருந்தன.

"இதெல்லாம் இப்பவே இவளுக்குள்ள இருக்கா டாக்டர்?" அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

ஆயிரக்கணக்கில் படம் பார்த்த டெக்னீஷியனும் அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆனால் ஒன்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு சொத்தைகூட இல்லையே, பிறகு எதற்கு இந்தப் படம் என்று டாக்டரிடமே கேட்டாள்.

டாக்டர் ஒவ்வொரு பல்லின் வேரையும் அளந்து குறித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது. சில மாசம் முன்னப்பின்ன இருக்கலாம். தத்துப் பத்திரத்துல வயசை இப்படியே எழுதிக்கலாம்மா."

ஒன்பது நாளுக்கு முன் காப்பகத்திலிருந்து வீட்டுக்கு வந்த மகளை அணைத்துக்கொண்டு, அந்தப் பெண் முதல்முறையாக அவள் வயதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.